பையன் வீட்டுக்காரங்க வந்துட்டே இருக்காங்க

உட்காருங்க, உட்காருங்க. இது உட்கார்ற பெஞ்சுதான், நான் விசாரிச்சுட்டேன். இந்த ஆர்ட் கேலரியில எது உட்கார்றதுக்கு, எது பார்க்கிறதுக்கு மட்டும்னு கேட்டுக்கிட்டுத்தான் உட்காரணும். போன மாசம் அதோ அந்த மூலையில ஒரு ஸ்டூல் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கால் வலிக்குதுன்னு போய் உட்கார்ந்துட்டாரு. ரிசப்ஷன் பொண்ணு ஓடி வந்துச்சு பாருங்க, ஏதோ கைக்குழந்தை மேல உட்கார்ந்துட்ட மாதிரி. அது ஸ்டூல் இல்லையாம். பக்கத்துல பேர் போட்டு அட்டை ஒட்டியிருக்கு, இவர் கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்திருக்காரு. இது நிஜ பெஞ்சு. தைரியமா உட்காருங்க.

தனியாவா வந்தீங்க? சும்மா படம் பார்க்கவா? அப்படியும் வருவாங்க போல.

நான் படம் பார்க்க வரலைங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். நாலு மாசமா இங்க வந்துட்டு இருக்கேன், எல்லாம் என் பொண்ணு கல்யாணத்துக்காக. படத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீங்க படத்தைப் பார்த்துக்கிட்டே கேளுங்க, பரவாயில்ல. ஆனா கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்க. அங்கேர்ந்து பார்த்தா லைட்டு பட்டு அந்த நீலம் வெளுத்துத் தெரியும். ஆங், அங்கதான். இப்ப பாருங்க, கீழ ஓரத்துல ஒரு மஞ்சள் தெரியுதா? அதேதான்.

என் பேர் மனோன்மணி. வில்லிவாக்கத்துலேர்ந்து வர்றேன். வீட்டுக்காரர் தணிகாசலம், போன வருஷம் ரிடையர் ஆனாரு. ஒரே பொண்ணு, தாரிணி. இருபத்தெட்டு முடிஞ்சிடுச்சு. கம்பெனி வேலை, கை நிறைய சம்பளம், வாய் நிறைய பேச்சு. "மாப்பிள்ளை பாருங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா வீட்டுக்கு மட்டும் வரச் சொல்லாதீங்க. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு பஜ்ஜி சொஜ்ஜி தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க நான் ஆள் இல்ல. வெளியில எங்கேயாவது சாதாரணமா பார்த்துப் பேசிக்கலாம்"னுட்டா.

சரி, வெளியிலன்னா எங்க? முதல்ல கோயில்னு முடிவு பண்ணோம். அது பெரிய தப்புங்க. ஞாயித்துக்கிழமை காலையில போனா, அதே பிராகாரத்துல எங்களைத் தவிர மூணு குடும்பம் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கு. ஒரு அம்மா வந்து தாரிணி கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சு, "எங்க வீட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கா"ன்னாங்க. பத்து நிமிஷம் குடும்பக் கதையெல்லாம் பேசி, குலதெய்வம் எதுன்னு கேட்கும்போதுதான் தெரியுது, அவங்க பார்க்க வந்தது தூணுக்கு அந்தப் பக்கம் நின்ன பொண்ணை. எங்களைப் பார்க்க வந்த பையன் அந்தப் பொண்ணுகிட்ட போய் தன்னோட எம்.டெக் படிப்பைப் பத்தி விளக்கிக்கிட்டு இருக்கான். அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆயிடுச்சுங்க. இப்ப அந்தப் பொண்ணு முழுகாம இருக்காம். நல்லா இருக்கட்டும்.

அடுத்து ஒரு பெரிய மாலுக்குப் போனோம். அங்க பையனோட அம்மாவுக்கு நகர்ற படிக்கட்டைப் பார்த்தாலே பயம். ஏற மாட்டேன்னுட்டாங்க. நாங்க மேல, அவங்க கீழ. பையன் மட்டும் ஏறி வந்து பொண்ணைப் பார்த்துட்டு, இறங்கிப் போய் அம்மாகிட்ட சொல்லிட்டு, மறுபடி ஏறி வந்தான். நாலு தடவை. அஞ்சாவது தடவை வரல.

அப்பத்தான் ஒரு நாள் எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு வலி. இதே தெருவுல, ரெண்டு கட்டடம் தள்ளி டாக்டர். அவர் உள்ள வாயைத் திறந்துக்கிட்டு இருக்காரு, வெளியில வந்து நின்னா மழை கொட்டுது. ஒதுங்க இங்க வந்தேன். உள்ள வந்தா ஏ.சி. சத்தம் கிடையாது, கூட்டம் கிடையாது, டிக்கெட் கிடையாது. பாத்ரூம் எங்க வீட்டு பூஜை ரூம் மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் மேல, எங்க சொந்தக்காரங்க ஒருத்தர்கூட ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. எந்தப் பையன் வந்தான், எந்தப் பையன் வேணாம்னுட்டுப் போனான்னு கணக்கெடுக்க ஆள் கிடையாது. இதைவிட என்னங்க வேணும் ஒரு பொண்ணைப் பெத்தவளுக்கு?

வாசல்ல இருக்காரே செக்யூரிட்டி, ஏழுமலைன்னு பேரு, தங்கமான மனுஷன். அவர்கிட்ட ஒளிக்காம கேட்டேன். "இங்க வச்சு பொண்ணு பார்க்கலாமா?" "சத்தம் போடக்கூடாது, எதையும் தொடக்கூடாது, உள்ள எதுவும் சாப்பிடக்கூடாது. மத்தபடி எதுக்கு வந்தீங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்கம்மா"ன்னாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இந்த மாதிரி மூணு சட்டம் போட நமக்கு வாய் வருமா? இங்க அதுவா போட்டு வச்சிருக்கு.

முதல்ல வந்தது பெரம்பூர் பையன். அப்ப இங்க மாட்டியிருந்தது எல்லாம் கருப்புப் படம். ஒரு படம் முழுக்கக் கருப்பு. அடுத்த படம் கொஞ்சம் கம்மி கருப்பு. ஒவ்வொண்ணும் கதவு சைஸ். பையனோட அம்மா சுத்தி ஒரு தடவை பார்த்தாங்க. பார்த்துட்டு என்கிட்ட மெதுவா, "இவ்வளவும் பொண்ணு பண்ணதா?"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க சுவத்துல இருக்கிறதைக் காட்டி இது பொண்ணு பண்ணதான்னு கேட்டா, நாம என்ன சொல்லுவோம்? ஆமான்னு சொல்றதுதானே முறை? என்னைப் பார்க்க வந்தப்போ எங்க அக்கா போட்ட எம்ப்ராய்டரி, எதிர்வீட்டு டீச்சர் கோத்த பாசிமணிப் பிள்ளையார், எல்லாத்தையும் நான் பண்ணதுன்னுதான் எங்கம்மா சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிள்ளையாரை நம்பிக்கிட்டு இருக்காரு. அந்தப் பழக்கத்துல எனக்கு வாயில தானா வந்துடுச்சு. "ஆமாங்க. லீவு நாள்ல சும்மா இருக்க மாட்டா."

அந்தம்மா ஒவ்வொரு கருப்பா நின்னு பார்த்தாங்க. தாரிணியைத் திரும்பிப் பார்த்தாங்க. மறுபடி கருப்பைப் பார்த்தாங்க. மறுநாள் தரகர் சிங்காரவேலு போன் பண்ணாரு. "பொண்ணு லட்சணமா இருக்காம். குறை ஒண்ணும் இல்லையாம். ஆனா அதுக்கு மனசுக்குள்ள பெரிசா ஏதோ இருக்கு, முதல்ல அதை யார்கிட்டயாவது காட்டுங்கன்னு சொல்றாங்கம்மா."

தாரிணி ரெண்டு நாள் என்கிட்ட பேசல. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தம்மா சரியாப் பார்க்கலைங்க. அது துக்கமே இல்ல. கிட்டப் போய் நின்னா அந்தக் கருப்புக்குள்ள பழுப்பு இருந்துச்சு, அந்தப் பழுப்புக்குள்ள செங்கல் நிறம் ஒண்ணு இருந்துச்சு. மொத நாள் எனக்கும் தெரியல. மூணாவது தடவை வந்தப்பத்தான் தெரிஞ்சுது. மூணு தடவை எதுக்கு வந்தேன்னா, பையன் வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி என்ன மாட்டியிருக்குன்னு நாம வந்து பார்த்துக்கணும் இல்லையா. அவங்க வந்த அன்னைக்கு ஒரு தடவை. போனப்புறம், எதையாவது விட்டுட்டுப் போனாங்களான்னு பார்க்க ஒரு தடவை. எல்லாம் கல்யாண வேலைதான்.

ரெண்டாவது ஓசூர் பையன். ஏழு பேர் வேன் வச்சு வந்தாங்க. அப்ப மாட்டியிருந்தது படம் இல்ல, செருப்பு. நுழையிற இடத்துலேர்ந்து ஹால் வரைக்கும் தரையில வரிசையா பழைய செருப்பு, நூத்துக்கும் மேல. நடந்து நடந்து தேஞ்சவங்களைப் பத்தி ஏதோ ஒரு கருத்து. இது எனக்குத் தெரியும், முன்னாடி நாளே வந்து பார்த்துட்டேனே. ஆனா ஓசூர்க்காரங்களுக்குத் தெரியாது. ஏழுமலை அந்த நேரம் பார்த்து சாப்பிடப் போயிட்டாரு. நூறு ஜோடி செருப்பு வாசல்ல கிடந்தா நம்மாளுங்க என்ன பண்ணுவாங்க? ஏழு பேரும் கழட்டி விட்டுட்டு வெறுங்காலோட உள்ள வந்து, "உள்ள நல்ல கூட்டம் போலிருக்கே"ன்னாங்க.

பேச்சுவார்த்தை நல்லாத்தான் போச்சு. கிளம்பும்போது ஆறு பேர் அவங்கவங்க செருப்பைக் கண்டுபிடிச்சு மாட்டிக்கிட்டாங்க. பையனோட தாய்மாமன் மட்டும் பெரிய உடம்பு, குனியறதுக்கு நேரம் ஆச்சு. அதுக்குள்ள ரிசப்ஷன் பொண்ணு பார்த்துட்டா. "சார், தொடாதீங்க!" அவர், "என் செருப்பும்மா"ன்றாரு. அந்தப் பொண்ணு, "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க"ன்னு சொல்லுது. செருப்பு வச்ச ஆர்ட்டிஸ்ட் வந்து சொன்னாத்தான் எடுக்க முடியுமாம். அவர் பாண்டிச்சேரியில இருக்காரு, போன் போகல. அதுல பாருங்க, எல்லாரும் அந்த மாமாவைத்தான் கொஞ்சம் சந்தேகமாப் பார்த்தாங்க. பாவம், பத்து நாள் முன்னாடி வாங்கின செருப்பு. வெறுங்காலோட ஓசூர் போய்ச் சேர்ந்தாரு.

அந்தச் சம்பந்தம் அதோட போச்சு. தாய்மாமனுக்கு மரியாதை இல்லாத இடம்னுட்டாங்க. எனக்கும் வருத்தம்தான். ஆனா ரெண்டு நாள் கழிச்சு நான் சும்மா இந்தப் பக்கம், அதாவது பல் டாக்டருக்கு நன்றி சொல்ல வந்தப்போ உள்ள எட்டிப் பார்த்தேன். மாமா செருப்பு அங்கேயே இருக்கு. எல்லாச் செருப்பும் நேரா இருக்கு, அது மட்டும் ஒண்ணு வாசலைப் பார்த்து, ஒண்ணு ஹாலைப் பார்த்து. போகவா இருக்கவான்னு கேட்கிற மாதிரி. அது வந்தப்புறம்தாங்க அந்த வரிசைக்கே உயிர் வந்துச்சு. ஆர்ட்டிஸ்ட் வந்து பார்த்துட்டு, இதை யாரும் நகர்த்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாராம். ஏழுமலை சொன்னாரு. எனக்கு ஒரே சந்தோஷம். வீட்ல யார்கிட்டயும் சொல்லல.

மூணாவதா வந்தது அண்ணா நகர் பையன். பேர் முகிலன். பத்துக்கு ஒன்பது பொருத்தம். நல்ல வேலை, நல்ல குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பேரும் வாயைத் திறந்தா தங்கம். அன்னைக்கு இங்க மாட்டியிருந்தது துணி. கூரையிலேர்ந்து தரை வரைக்கும் சிவப்புத் துணி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா. நாம நடந்தா அந்தக் காத்துக்கு அது அசையும். அவ்வளவு நல்லா இருந்துச்சு. அந்தப் பையன் என்ன பண்ணான் தெரியுமா? மொத்தத்தையும் நாலு நிமிஷத்துல பார்த்து முடிச்சுட்டான். நாலே நிமிஷம்! நான் வாட்ச்ல பார்த்தேன். பார்த்துட்டு தாரிணிகிட்ட வந்து, "எனக்கு ஒண்ணும் புரியலைங்க. பக்கத்துல எங்க காபி நல்லா இருக்கும்?"னு கேட்கிறான். இவ என்னமோ குபீர்னு சிரிச்சா. அவனோட மூஞ்சிக்கு நேராவே சிரிச்சுட்டாளேன்னு எனக்கு ஒரே சங்கடம். ரெண்டு பேரும் காபி தேடிப் போனாங்க. திரும்பி வர ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. ஆழ்வார்பேட்டையில காபிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. வந்தப்போ அவ முகமெல்லாம் சிவந்திருந்துச்சு. பாவம், வெயில்ல அலைஞ்சிருக்கா.

நான் வேணாம்னு சொல்லிட்டேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்துடுச்சு. "ஏன் மணி, அந்தப் பையன்கிட்ட என்ன குறை?"

"ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறான்ங்க அவன்."

"நிக்கலைன்னா என்ன? பொண்ணைக் கட்டிக்கொடுக்கப் போறோமா, வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கப் போறோமா?"

நான் விட்டுக்கொடுக்கல. அவ்வளவு அழகான துணியை நாலு நிமிஷம் பார்க்கிறவன் என் பொண்ணை எவ்வளவு நேரம் பார்ப்பான்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. தாரிணியும் எழுந்து மாடிக்குப் போயிட்டா. அவளுக்கும் பிடிக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் அடிக்கடி மாடிக்குப் போன் பேசப் போவா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி.

இதுக்கு நடுவுல அடுத்த எக்ஸிபிஷன் வந்துடுச்சு. அது என்னன்னா, ஒரே மனுஷன் முப்பது வருஷமா தினம் ஒரே ஒரு சின்னப் படம் வரைஞ்சிருக்காரு, எல்லாம் உள்ளங்கை அளவு. அதுல ஒரு வருஷத்துப் படத்தைக் கொண்டு வந்து சுவர் பூரா ஒட்டியிருக்காங்கன்னு ஏழுமலை போன்ல சொன்னாரு. ஆமா, நம்பர் குடுத்து வச்சிருக்கேன், படம் மாத்தினா சொல்றதுக்கு. பத்தே நாள்தான் இருக்கும்னாரு. பத்து நாளைக்குள்ள பையனுக்கு எங்க போறது?

சிங்காரவேலுவுக்குப் போன் போட்டேன். "உடனே ஒரு பையன் வேணும். சனிக்கிழமைக்குள்ள."

"சனிக்கிழமைக்குள்ள எப்படிம்மா? உங்களுக்குத் தோதா படிப்பு, நட்சத்திரம் எல்லாம் பார்க்க வேணாமா?"

"அதெல்லாம் வேணாம். எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"எப்படி இருந்தாலுமா?"ன்னாரு. "அம்மா, வீட்ல ஏதும் பிரச்சனையா?"ன்னாரு. ரொம்ப நல்ல மனுஷன்.

சனிக்கிழமை வந்தவருக்கு நாப்பத்திமூணு வயசு. அரக்கோணத்துல பெயிண்ட் கடை. கூட அவரோட அக்கா வந்திருந்தாங்க. தாரிணி அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, அவ அப்பாவையும் அந்த அக்காவையும் கூட்டிக்கிட்டு எதிர்ல ஓட்டலுக்குப் போயிட்டா. நானும் அந்தப் பெயிண்ட் கடைக்காரரும்தான் உள்ள. அடடா, என்ன ஒரு மனுஷன்ங்க அவரு! ஒவ்வொரு படத்துக்கும் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறாரு. "அம்மா, இது மூணு கோட்டு பெயிண்டு. கீழ இருக்கிறது காயறதுக்கு முன்னாடி மேல இழுத்திருக்கான், அதான் இப்படி உரிஞ்சிருக்கு. ஆனா தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான்"ன்றாரு. நான், "இங்க பாருங்க, இந்த வாரம் பூரா பச்சையே இல்ல, ஏதோ உடம்பு சரியில்லாம இருந்திருப்பாரு"ன்றேன். "ஆமாம்மா, கை நடுங்கியிருக்கு"ன்றாரு. நேரம் போனதே தெரியல. ரெண்டே கால் மணி நேரம். பாதிச் சுவர்தான் முடிச்சோம்.

வெளியில வந்தா படிக்கட்டுல தாரிணி நிக்கிறா. அந்த அக்காவும் அவரும் பஸ் ஏறப் போயாச்சு. நான் சந்தோஷமா, "இவரு தங்கம்டி, எவ்வளவு நேரம் நிக்கிறாரு தெரியுமா"ன்னேன்.

"அம்மா, அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டியா?"

கேட்க மறந்துட்டேன்.

"என் பேராவது சொன்னியா?"

அதையும் சொல்லலைங்க. அப்ப அவ கத்தல, அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. நிதானமா சொல்றா: "எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலை முடிஞ்சுது. நான் முகிலனோட ஒரு மாசமா பேசிக்கிட்டு இருக்கேன். அப்பாவுக்குத் தெரியும். சிங்காரவேலு சாருக்குத் தெரியும். வாசல்ல நிக்கிற ஏழுமலை அண்ணனுக்குக்கூடத் தெரியும்."

ஏழுமலை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"அந்த நிக்கவே தெரியாதவனா?"

"ஆமா. அவன்தான். உனக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு தினம் நினைப்பேன். நீ தினம் ஏதாவது படத்தைப் பத்தித்தான் பேசுவ. நான் அப்ப உன் மூஞ்சியைப் பார்த்துட்டு, சரி இன்னும் ஒரு பையன் வரட்டும்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதாங்க. மறு வாரமே ரெண்டு வீடும் பேசி முடிச்சுட்டாங்க. அந்த வாரமே நிச்சயம், தையில கல்யாணம். தட்டு மாத்தின அன்னைக்கு நான் உட்கார்ந்து அழுதேன், அப்படி அழுதேன். முகிலனோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க பொண்ணை எங்க பொண்ணு மாதிரி பார்த்துக்கிறோம், அழாதீங்க"ன்னு அவங்களும் அழுதாங்க. எங்க வீட்டுக்காரரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. எல்லாரும் பொண்ணைப் பிரியப்போற வருத்தம்னு நினைச்சுக்கிட்டாங்க. அதுவும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சின்னப் படத்துல பாதிச் சுவர் பார்க்காம விட்டுட்டேன்ங்க. அன்னைக்குத்தான் அதைக் கழட்டுறாங்க. அதுதான் அழுகையா வந்துச்சு. இதை யார்கிட்ட சொல்றது?

தாரிணி மட்டும் கண்டுபிடிச்சுட்டா. "இதுக்கு ஏம்மா அழுவுற? நீ பாட்டுக்குப் போய்ப் பாரு. யார் உன்னைக் கேட்கப் போறாங்க?"

அவளுக்கு அது சுலபம். ஐம்பத்தாறு வயசு வரைக்கும் நான் எங்கேயும் சும்மா போனது கிடையாதுங்க. கோயிலுக்குப் போனா ஏதாவது வேண்டுதல் இருக்கும். கடற்கரைக்குப் போனா விருந்தாளி யாராவது கூட இருப்பாங்க, அவங்களுக்குக் காட்ட. மொட்டை மாடிக்குப் போனாலும் கையில ஒரு வாளி இருக்கும். இவ சொல்ற மாதிரி கையை வீசிக்கிட்டுப் போய், ஒரு படத்துக்கு முன்னாடி நின்னு, யாராவது திரும்பிப் பார்த்தா, எனக்குப் பிடிச்சிருக்கு அதான் நிக்கிறேன்னு எப்படிங்க சொல்றது?

பிடிச்சிருக்குதான். இவ்வளவு பேசினப்புறம் உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. இந்த நீலத்தைப் பாருங்களேன். இதை வரைஞ்சவங்களை எனக்குத் தெரியாது, இதுக்கு என்ன அர்த்தம்னும் தெரியாது. ஆனா இதுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு இருக்கு.

இன்னைக்கு வீட்ல, கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்கப் பாரிமுனைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். தைரியமாத்தான் வந்தேன். வாசல்ல ஏழுமலை, "நிச்சயம் ஆயிடுச்சுன்னாங்க? மறுபடி என்னம்மா?"ன்னு கேட்டுட்டாரு. பாருங்க, யாரும் கேட்க மாட்டாங்கன்னு சொன்ன அதே மனுஷன். "இது எங்க நாத்தனார் பொண்ணுக்கு. பையன் வீட்டுக்காரங்க வந்துட்டே இருக்காங்க"ன்னேன். எங்க நாத்தனாருக்கு ரெண்டும் பையன்கள். "உட்கார்ந்திருங்கம்மா, வந்தா அனுப்பறேன்"னாரு. காலையில பத்தரை மணிக்கு உட்கார்ந்தேன். எழுந்து போனா, இந்தம்மா தனியா என்னத்தைப் பார்க்குதுன்னு நினைப்பாரேன்னு இங்கேயே இருக்கேன். இப்ப மணி ஒண்ணு ஆகப்போகுது.

அப்பத்தான் நீங்க உள்ள வந்தீங்க. அவர் அங்கேர்ந்து உங்களைக் காட்டி, இவங்களான்னு தலையை ஆட்டிக் கேட்டாரு. நானும் ஆமான்னு தலையை ஆட்டிட்டேன்.

கோச்சுக்காதீங்க. நீங்க பையனோட அத்தை. கோயம்புத்தூர்லேர்ந்து வர்றீங்க. பையன் வண்டி நிறுத்த இடம் தேடிக்கிட்டு இருக்கான், பொண்ணு டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. வேற ஒண்ணும் நீங்க பேச வேணாம், என் பக்கத்துல நடந்து வந்தாப் போதும். அதோ பார்க்கிறாரு, கொஞ்சம் சிரிங்க. எழுந்திரிங்க, போகலாம். உள் ரூம்ல இன்னும் பதினோரு படம் இருக்கு, நான் ஒண்ணுகூடப் பார்க்கல.